திருமலைத் தொடர்மாடியில் பூனை: திறந்துவிடுவதா, அடைப்பதா, வலை கட்டுவதா?

ஒருநாள் காலையில் கீழ்வீட்டு ஐயா மாடிப்படியில் என்னை மறித்தார். "தம்பி, இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் போளை அடிக்கிறார்கள்?" என்று கேட்டார். வீட்டில் நானும் மனைவியும்தான் இருக்கிறோம், எங்களுக்குப் போளை அடிக்கும் வயது போய்விட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு விழித்திருந்து பார்த்தேன். பல்கனிப் பக்கம் சாய்ந்து நிற்கும் தென்னையிலிருந்து விழுந்த குரும்பட்டி ஒன்றைப் பூனை எப்படியோ உள்ளே கொண்டுவந்திருந்தது. முன்காலால் ஒரு தட்டு. அது தரையோட்டின்மேல் உருண்டு போய்ச் சுவரில் முட்டும். பூனை பாய்ந்து போய் மறுபக்கம் தட்டும். கட்டிலில் கிடந்த எனக்கு அது மெல்லிய சத்தம்தான். கொங்கிறீற் தட்டுக்குக் கீழே படுத்திருப்பவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது மறுநாள் அவர் வீட்டில் தேநீர் குடித்தபோது விளங்கியது. மேலே என் மனைவி ஒரு கதிரையை இழுத்தாள், இங்கே என் தலைக்குமேல் மாட்டுவண்டி போனது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மைத்துனி. மட்டக்களப்புப் பக்கம் வளவோடு கூடிய வீட்டில் இருந்தவள். இடமாற்றம் கிடைத்து திருகோணமலையில் ஒரு பாடசாலைக்கு வருகிறாள், உவர்மலைப் பக்கம் தொடர்மாடி ஒன்றில் வீடு பார்த்திருக்கிறாள். இரண்டு பூனைகள் இருக்கின்றன: மூன்று வயதுக் கடுவன் ஒன்று, ஐந்து மாதப் பெட்டை ஒன்று. "அத்தான், இரண்டையும் கொண்டுவரலாமா? வந்தால் எப்படி வைத்துக்கொள்வது?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஒவ்வொரு அழைப்பிலும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அயலவர் கோபப்படுவது பூனைமீது அல்ல என்பது என் எண்ணம். இந்த ஊரில் புள்ளிமான்கள் கோட்டைக்குள் இருந்து வெளியேறி வீதியில் திரிகின்றன, குப்பைப் பையைக் கிழிக்கின்றன, வாகனங்களை மறித்து நிற்கின்றன. யாராவது சண்டைக்கு வருகிறார்களா? மானுக்குச் சொந்தக்காரர் கிடையாது. பூனைக்கு ஒரு கதவிலக்கம் இருக்கிறது. சத்தம், மணம், படி தாண்டி வருதல் ஆகிய மூன்றில் எது நடந்தாலும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆகவே எந்த முறையில் வளர்ப்பது என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திறந்துவிட்டு வளர்ப்பது

நம்மவர் பெரும்பாலும் பூனை வளர்ப்பது இப்படித்தான். குசினிக் கதவடியில் சோறு வைப்போம், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வளவு இருந்தால் இதில் பெரிய பிழை இல்லை. தொடர்மாடியில் இதன் பொருள் வேறு. பூனை மலசலம் கழிக்க மணல் தட்டு வாங்கத் தேவையில்லை, நம் வீட்டில் மணமும் இல்லை. ஆனால் பூனை போய் இருக்கும் இடம் ஒன்று உண்டல்லவா? எங்கள் கட்டடத்தில் அது கீழ்த்தளத்து அம்மாவின் ரோசாச் சாடிகள், அடுத்தது யாரோ பூச்சு வேலைக்குக் கொட்டிவைத்திருந்த மணற்குவியல். மணத்தை நாம் ஒழிப்பதில்லை, அயலவருக்கு அனுப்பிவைக்கிறோம்.

பிறகு சகுனம். வெள்ளிக்கிழமை காலையில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் புறப்பட்ட முதலாம் மாடி அன்ரிக்குக் குறுக்கே எங்கள் பூனை படியில் ஓடியது. அவர் திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, சிறிது நேரம் இருந்துவிட்டு மறுபடி புறப்பட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வெள்ளி மட்டும், "பிள்ளையள், காலையில் ஒரு மணித்தியாலம் அதைப் பிடித்து வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். சகுனத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவரோடு வாதாடிப் பயன் இல்லை. அவர் கேட்டது நியாயம்.

எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தில் இதற்கு நேர்மாறு. அவர்கள் வழக்கத்தில் பூனை அசுத்தமான பிராணி அல்ல. கூப்பிட்டு மீன்தலை கொடுப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. மூன்று வீட்டில் சாப்பிடும் பூனை நான்காவது வீட்டு வாசலில் வாந்தி எடுத்தால் அது யாருடைய பூனை?

நாய்களையும் முச்சக்கரவண்டிகளையும் சொல்லத் தேவையில்லை. விசர்நோயைச் சொல்ல வேண்டும். இலங்கையில் அது இன்னும் உண்டு, நாயிடமிருந்து பூனைக்கும் வரும். வெளியே திரியும் பூனை அயல்வீட்டுப் பிள்ளையைப் பிறாண்டினாலோ கடித்தாலோ, அரச மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று அதற்குத் தடுப்பூசி போட்டதா என்பது. அந்த நேரத்தில் தடுப்பூசி அட்டை கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. மூன்று மாத வயதளவில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அடைத்து வளர்த்தாலும் இதை விடக்கூடாது.

திறந்துவிடுவதற்குச் சார்பாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மைத்துனியின் கடுவன் மூன்று வருடம் வளவிலும் மதிலிலும் திரிந்த பிராணி. அதை ஒரேயடியாக அடைத்தால் இரண்டு மூன்று வாரம் கதவடியில் நின்று கத்தும். அந்த வாரங்களில் அயலவரின் பொறுமையும் தேவைப்படும். குடியேறுவதற்கு முன்பே கீழ்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் போய், "இந்த மாதம் கொஞ்சம் சத்தம் இருக்கும்" என்று சொல்லிவைக்கும்படி சொன்னேன். முன்கூட்டிச் சொன்ன சத்தத்தை மனிதர்கள் வேறுவிதமாகக் கேட்கிறார்கள்.

முழுதாக அடைப்பது

கொழும்பில் குளிரூட்டி போட்ட வீடுகளில் இது நடக்கும். இங்கே நடக்காது. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மேல்மாடியில் யன்னலை மூடிக்கொண்டு மனிதனே இருக்க முடியாது. யன்னலைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பாதுகாப்புக் கம்பிகளுக்கு இடையில் பூனையின் தலை போகும், தலை போனால் உடலும் போகும். நுளம்பு வலை அடித்திருக்கிறதே என்று நம்பக் கூடாது, நகம் பட்டால் அது ஒரு வாரம் தாங்காது.

பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றும் என்பார்கள். பெரும்பாலும் ஊன்றும். ஆனால் இரண்டாம் மாடி உயரத்திலிருந்து வரும் வேகத்தைக் கால்கள் மட்டும் தாங்குவதில்லை. நாடி தரையில் அடித்துத் தாடை உடையும். ஆகவே திருமலையில் "அடைத்து வளர்ப்பது" என்று தனியாக ஒரு முறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது வலை கட்டுவதில் போய் முடியும், அல்லது மிருக வைத்தியரிடம் போய் முடியும்.

வலை கட்டுவது

மீன்பிடி ஊரில் வலைக்கா பஞ்சம் என்றுதான் நானும் தொடங்கினேன். தெரிந்த ஒருவர் பழைய வலைத் துண்டு ஒன்றைச் சும்மா தந்தார். பல்கனியில் கட்டினேன். எத்தனை முறை கழுவியும் வலையில் ஏறிய மீன் வாடை போகவில்லை. பூனை ஓடிப்போகவில்லை, உட்கார்ந்து வலையைத் தின்னத் தொடங்கியது. நூல் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருக்கிவிடும் என்று வைத்தியர் எச்சரித்ததும் அவிழ்த்து எறிந்தேன்.

தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். மெல்லிய ஒற்றை இழை, இழுபட்டால் காலை அறுக்கும். மீன்பிடியிலேயே தடைசெய்யப்பட்ட சாமான் அது. தடித்த முறுக்கு நைலோன் வலை, புதிதாக வாங்கியது, ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத கண் என்றால் வளர்ந்த பூனைக்குப் போதும். குட்டிக்கு ஒரு அங்குலம். வெயிலில் நைலோன் உக்கும் என்பதால் ஆண்டுக்கொருமுறை, வாடைக்காற்று தொடங்குவதற்கு முன், கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய கம்பி வலை பார்வைக்கு உறுதியாக இருக்கும். கடல் காற்றுப் படும் வீட்டில் அது எவ்வளவு காலம் என்பதை உங்கள் யன்னல் பிணைச்சல்களைப் பார்த்தே அறியலாம். துரு வடிந்து கீழ்வீட்டாரின் வெள்ளைச் சுவரில் கோடு போட்டால் பூனையோடு இதற்கும் சேர்த்து முறைப்பாடு வரும். பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை அதைவிட நல்லது, விலையும் கூட. சொந்த வீடானால் அதைத்தான் போடுவேன். மைத்துனி வாடகைக்கு வருகிறாள், சுவரில் துளையிட வீட்டுக்காரர் விடுவாரோ தெரியாது. அவளுக்கு நைலோன்தான் பொருந்தும்: இருக்கிற கம்பிச் சட்டத்தோடு கயிற்றால் வரிந்து கட்டலாம், போகும்போது அவிழ்த்துக்கொண்டு போகலாம். பிளாஸ்டிக் பட்டிகளால் கட்டினால் வெயிலில் முறுகி ஒவ்வொன்றாகத் தெறிக்கும். எனக்கு அது நடந்தது.

வலை கட்டிய பிறகு காகம் உள்ளே வருவது நின்றுவிட்டது. அதைப் பார்த்து முதலாம் மாடி அன்ரியும் வலை கட்டிவிட்டார். அவரிடம் பூனை இல்லை.

எல்லாவற்றுக்கும் முந்திய செலவு

வலைக்கும் மணலுக்கும் காசு ஒதுக்குவதற்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்குங்கள். அயலவரின் முறைப்பாடுகளில் பாதி அதிலேயே தீரும் என்று துணிந்து சொல்வேன். பெட்டைப் பூனை கருவுறும் பருவத்துக்கு வந்தால் ஒரு வாரமளவுக்கு இரவு பகலாகக் கத்தும். கருத்தரிக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இது ஓய்ந்துவிடும். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து எட்டரைப் பாகையில், ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம். ஓய்வுக்காலம் என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. கட்டடத்தைச் சுற்றித் திரியும் கடுவன்களும் பதில் கொடுக்க வந்துவிடும்.

கடுவன் சங்கதி மணம். எல்லை குறிப்பதற்காகச் சுவரிலும் கதவிலும் அது பீய்ச்சும் சிறுநீரில் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டு. கழுவிய பிறகும் மூக்கைத் துளைப்பது அதுதான். விதை நீக்கினால் பெரும்பாலானவற்றில் இந்தப் பழக்கம் நின்றுவிடும். ஆனால் மூன்று வருடம் பழகிய கடுவனுக்கு உடனே நிற்காது, உடலில் இருக்கும் சுரப்பு வடியச் சில வாரம் வேண்டும். ஆகவே இடம் மாறி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், மட்டக்களப்பிலேயே செய்துவிட்டுக் கொண்டுவா என்றேன். பெட்டைக்கு ஐந்து மாதம், அதற்கும் இதுதான் காலம்.

மணல் தட்டில் என்ன போடுவது

இதில்தான் நான் அதிகம் அலைந்தேன்.

கடல் மணல் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஊரே மணல்மேல் நிற்கிறது. ஆனால் கரையில் மணல் அகழ்வதற்கு அனுமதி வேண்டும் என்று 1981ஆம் ஆண்டிலிருந்து கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், உப்பு ஏறிய மணல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசத்துக்கொண்டே இருக்கும். ஆற்று மணல், மகாவலியிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறதே அது, காய்ந்து கிடக்கும். மலத்தை நன்றாக மூடும். ஆனால் சிறுநீரை உறிஞ்சாது. அது வடிந்து தட்டின் அடியில் தேங்கி நிற்கும். மூன்றாம் நாள் தட்டைச் சரித்துப் பார்த்தால் விளங்கும். அத்தோடு வாளி மணலை இரண்டு மாடி தூக்க வேண்டும், பிறகு இறக்கவும் வேண்டும்.

மரத்தூள் மரம் அரியும் ஆலைகளில் மலிவு. உறிஞ்சும். ஆனால் இலேசானது, பூனை தோண்டும்போது வீடெங்கும் பறக்கும். எங்கள் பூனைக்குத் தும்மல் வந்ததால் இரண்டு வாரத்தில் கைவிட்டேன்.

தும்புத்தூள், அதாவது நாற்றுமேடைக்காரர் பூச்செடிக்குப் போடும் அந்தத் தேங்காய்த் தும்புத் தூள், எனக்குப் பிடித்தது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடிக்கும், கையில் பாரம் இல்லை, மலிவு. அமுக்கிய கட்டியாக வாங்கினால் நனைத்தால்தான் உதிரும், அதனால் உதிரித் தூளாகச் சாக்கில் வாங்க வேண்டும். குறை ஒன்று: கால்களில் ஒட்டிக்கொண்டு தரையில் பழுப்புத் தடங்கள் விழும். தட்டின் முன் ஒரு கால்மிதியைப் போட்டேன், முக்கால்வாசி குறைந்தது. இன்னொரு குறை மாரியில் தெரியும். ஐப்பசிக்குப் பிறகு எதுவும் காயாத நாட்களில் இதில் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைகளில் பூனைமணல் என்று விற்கும் பெந்தோனைட் களிமண், சிறுநீர் பட்ட இடத்தில் மட்டும் கட்டியாகும். அந்தக் கட்டியை அள்ளினால் மீதி சுத்தம். மணத்தை அடக்குவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. விலை உயர்வு. நான் தேடும் நாளில் கடையில் இருப்பதுமில்லை. ஆகவே என் தீர்ப்பு பருவத்துக்கு ஒன்று: கச்சான் மாதங்களில் தும்புத்தூள், மாரியில் பெந்தோனைட். இரண்டு பூனைக்கு இரண்டு தட்டாவது வேண்டும். மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் கலந்து போட வேண்டும், இல்லையேல் பூனை மெத்தையைத் தெரிவு செய்துவிடும்.

எதைப் போட்டாலும் காலையும் மாலையும் அள்ள வேண்டும். புதிய சிறுநீருக்கு அவ்வளவு மணம் இல்லை, கிருமிகள் அதிலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கு எரியும். நாளாந்தம் அள்ளுவதில் இன்னொரு பயனும் உண்டு. பூனை மலத்தில் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். எனினும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மலசலகூடத்தில் கொட்டாதீர்கள். களிமண் குழாய்க்குள் ஊதி அடைத்தால் அது உங்கள் குழாய் மட்டும் அல்ல, கட்டடத்தின் குழாய்.

தட்டைக் கழுவச் சவர்க்காரமும் வெயிலும் போதும். குளோரின் ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். நீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளில் பலவற்றில் இருக்கும் பீனோல் வகைகள் பூனைக்கு நஞ்சு.

தட்டை எங்கே வைப்பது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். எங்கள் பல்கனி கிழக்கே பார்க்கிறது. கச்சான் மேற்கிலிருந்து வீட்டுக்குள் புகுந்து பல்கனியால் வெளியேறும், தட்டு அங்கே இருந்தால் வாசம் பக்கத்துப் பல்கனிக்கு. மார்கழியில் வாடை கடலிலிருந்து வீசும், அப்போது அதே வாசம் நம் படுக்கையறைக்கு. இரண்டு மாதம் தட்டோடு அலைந்துவிட்டுக் குளியலறையில், காற்றிழுக்கும் விசிறிக்குக் கீழே வைத்தேன். குளியலறைக் கதவில் பூனை போகும் அளவுக்கு ஒரு இடைவெளி. விருந்தினர் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாடும் இரவும்

சூடை மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பைக்கற் உணவு எதற்கு என்று என் மாமியார் கேட்பார். பூனைக்கென்று தினமும் மீன் அவித்தால் அந்த வாடை படிக்கட்டு முழுவதும் நிற்கும், வெள்ளியும் சட்டியும் விரதம் பிடிக்கும் வீடுகள் மேலேயும் கீழேயும் இருக்கின்றன. உடம்புக்கும் மீன் மட்டும் போதாது. பச்சை மீன் சிலவற்றில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, கொழுப்பு மீனையே தொடர்ந்து கொடுத்தால் உயிர்ச்சத்து ஈ குறையும். நாங்கள் நாளாந்தம் உலர் உணவும், வாரத்தில் இரண்டு நாள் மற்றவர்களும் மீன் சமைக்கும் நேரத்தில் ஒரு துண்டு அவித்த மீனும் கொடுக்கிறோம்.

இரவுச் சத்தத்துக்கு மருந்து கடையில் இல்லை. பத்து மணிக்குத் தும்புக் கயிற்றின் நுனியில் துணியைக் கட்டி இழுத்துக் கால்மணி நேரம் விளையாட்டுக் காட்டி, அதன் பிறகு கடைசிச் சாப்பாட்டை வைத்தால் பூனை தூங்கும். வேட்டை, உணவு, உறக்கம் என்ற வரிசை அதன் உடம்பில் இருக்கிறது. விடிய நாலரைக்குக் கத்தும்போது எழுந்து சாப்பாடு வைத்தீர்களோ, ஆயுள் முழுவதும் நாலரைதான். அறையில் அது ஓடும் வழியில் பழைய பன்பாய் இரண்டை விரித்துவிட்டேன். குரும்பட்டிகளைப் பொறுக்கி எறிகிறேன். ஐயா போளையைப் பற்றிப் பிறகு பேசவில்லை, கதிரை இழுப்பதைப் பற்றி இன்னமும் பேசுகிறார். கதிரை நாங்கள் இழுப்பது.

இரண்டையும் கொண்டுவருவதா என்ற கேள்விக்கு என் பதில் ஆம். அவள் பகலெல்லாம் பாடசாலையில் இருப்பாள், தனித்த பூனை கதவைப் பார்த்துக் கத்தும், பழகிய இரண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இரண்டும் புதியவையாக இருந்தால் இதே பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

விடுமுறைக்கு அவள் மட்டக்களப்புக்குப் போவாளே, அப்போது? பஸ்ஸில் கூடையில் கொண்டுபோனால் வழிநெடுகக் கத்தும், போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டிலுக்கடியில் கிடக்கும். மிருக வைத்தியரிடம் கூண்டில் விடுவதும் நாலைந்து நாளுக்குமேல் நல்லதல்ல, பூனைக்கு ஆளைவிட இடம்தான் பெரிது. வீட்டிலேயே விட்டுச் சாவியை யாரிடமாவது கொடுப்பது மேல். நாங்கள் போகும்போது கீழ்வீட்டு ஐயாவைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சாப்பாடு வைக்கிறேன் தம்பி, மணல் அள்ளமாட்டேன்" என்றார். அப்படியே இப்போது நடக்கிறது. சாப்பாடு ஐயா, மணல் மூன்றாம் மாடிப் பையன், அவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ஐஸ்கிரீம் காசு.